எடை மேடை புரோகிராம் ஏன் சில நாள் மட்டும் விழுது?

திருவொற்றியூர்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மணலி பக்கம் கன்டெய்னர் லாரி ஏறி நிக்கற எடை மேடைக்கு சி-ல சாஃப்ட்வேர் எழுதறாராம், 64 பிட் லினக்ஸ் பெட்டி, சீரியல் போர்ட்ல வர்ற பைட்டையெல்லாம் மால்லாக் பண்ண (மெமரி கேட்டு வாங்குன) இடத்துக்கு மெம்காப்பி (பைட்டை அப்படியே நகல் எடுக்கறது) பண்றாரு. பாதி நாள் ஒழுங்கா ஓடுது, திடீர்னு "ஃப்ரீ(): இன்வேலிட் பாயின்டர்"னு சொல்லிட்டு அபார்ட் ஆவுது (ஃப்ரீன்றது வாங்குன மெமரியை திருப்பி குடுக்கறது, அபார்ட்னா புரோகிராம் பாதியில நின்னுடறது), பின்னாடி லாரிங்க வரிசை கட்டி நிக்குது. பாயின்டரை பிரிண்ட் பண்ணி பாத்தா அதே அட்ரஸ்தான் வருது, அப்புறம் எப்படி அது இன்வேலிட் ஆகும்னு கேக்கறாரு. மெம்காப்பிதான் கெடுக்குதுன்றாரு, ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணா வரவே இல்லன்னும் சொல்றாரு.

தம்பி, அந்த பாயின்டர் சரியாதான் இருக்கு. அதுக்கு ஒட்டி முன்னாடி இருக்கற 8 பைட்டுதான் கெட்டுப்போயிருக்கு. ஜிலிப்சி (glibc, லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) மால்லாக், தான் குடுக்கற ஒவ்வொரு மெமரி துண்டுக்கும் முன்னாடி அதோட சைஸை எழுதி வெச்சிருக்கும், ஃப்ரீ பண்றப்போ அதைத்தான் படிக்கும். நீங்க அனுப்புன மூணு வரி இது: மால்லாக்(லென்), மெம்காப்பி(பஃப், ஃப்ரேம், லென்), பஃப்[லென்] = 0. ஃப்ரேம்ன்றது மேடை ஒரு வாட்டி அனுப்பற பைட்டுங்க, லென் அதோட நீளம். மெம்காப்பி மேல பழி போட்டுட்டீங்க, ஆனா உங்க ஹீப்பை (மால்லாக் மெமரி எடுத்து குடுக்கற இடம்) கெடுக்கறது மூணாவது வரி. லென் பைட்டு வாங்கிட்டு லென்+1 பைட்டு எழுதறீங்க, அந்த ஒரு சைபர் போய் பக்கத்து வீட்டு கதவு நம்பரை அழிச்சிடுது. பக்கத்து துண்டு சின்னதா இருந்தா அதோட சைஸே சைபர் ஆயிடும், அதை யாராவது ஃப்ரீ பண்ற நேரத்துல தான் ஜிலிப்சி கத்தும். அந்த துண்டு உங்க கோடோட வேற மூலையில இருக்கறதுதான் வாங்குனதா இருக்கும், அதனாலதான் விழுந்த இடத்தையே எத்தனை வாட்டி பாத்தாலும் ஒண்ணும் கிடைக்கல.

அப்போ ஏன் தினமும் விழல? நீங்க 20 பைட்டு கேட்டாலும் மால்லாக் 24 பைட்டு புழங்கற மாதிரிதான் தரும். 20 பைட்டு ஃப்ரேம் வந்தா அந்த அதிகப்படி சைபர் காலி இடத்துல விழுந்துடும், யாருக்கும் தெரியாது. சரியா 24, 40, 56னு ஃப்ரேம் வர்ற அன்னிக்குதான் வெடிக்கும். அதனால "எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணா வரவே இல்ல"ன்றதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, தயவுசெஞ்சு மால்லாக்ல சும்மா 100 கூட்டி போட்டு தப்பை மூடியும் வைக்காதீங்க, அது வேற ஒரு நாள் வேற ஒரு ரூபத்துல வரும்.

கண்டுபிடிக்கறதுக்கு முதல்ல எடுக்க வேண்டியது அட்ரஸ் சானிடைசர், மெமரியை தப்பா தொட்டா காட்டிக்குடுக்கற கருவி. ஜிசிசி கம்பைலர் 4.8லேருந்தே கூட வருது, தனியா எதுவும் வாங்க வேணாம், -ஜி (-g) கூட -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் (-fsanitize=address) சேர்த்து கம்பைல், லிங்க் ரெண்டுலயும் குடுங்க. இது ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு பக்கமும் தொடக்கூடாத இடம்னு ஒண்ணு விடும், எந்த பைட்டு வரைக்கும் உங்களுதுன்னு தனியா கணக்கு வெச்சுக்கும். இதுல ரொம்ப முக்கியமானது என்னன்னா 24 வரட்டும்னு காத்திருக்கவே தேவையில்ல, 20 பைட்டு ஃப்ரேம்லயே 21வது பைட்டை தொட்ட உடனே அங்கயே நிறுத்தி எந்த வரி எழுதுச்சு, எந்த வரி மால்லாக் பண்ணுச்சு ரெண்டையும் காட்டிடும். வேகம் சுமாரா பாதியாகும், மெமரியும் கூட தின்னும், அதனால மேடையில இருக்கற சின்ன பெட்டியில ஓட்டாதீங்க, அங்க வர்ற பைட்டை ஒரு ஃபைல்ல பதிஞ்சு எடுத்துட்டு வந்து ஆபீஸ் மெஷின்ல ஓட்டுங்க.

திரும்ப கம்பைல் பண்ண முடியாத லைப்ரரி நடுவுல இருந்தா வால்கிரைண்ட் போடுங்க, அது கம்பைல் பண்ணதை அப்படியே ஓட்டி மெமரி தப்பை பாக்கற கருவி. ஆனா 20, 30 மடங்கு மெதுவாகும், நேரடி சீரியல் போர்ட்ல டைம்அவுட் ஆயி வேற பிரச்சனை மாதிரி தெரியும். சானிடைசர், வால்கிரைண்ட் ரெண்டையும் ஒண்ணா ஓட்டாதீங்க.

சரி பண்ணும்போது மால்லாக்(லென்+1) போட்டதோட விட்டுடாதீங்க. உங்க லென் ஒரு கேர் (char, ஒரு பைட்டு) வேரியபிள், எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிப்) அது மைனஸும் புடிக்கும், வயர்ல 200னு வந்தா -56 ஆயிடும், அது மெம்காப்பிக்கு போறப்போ பிரம்மாண்டமான நம்பரா மாறி போகும். அன்சைண்ட் கேர் ஆக்குங்க. அதோட ஃப்ரேம்ல எழுதியிருக்கற நீளத்தை அப்படியே நம்பக்கூடாது, ரீட் நிஜமா எத்தனை பைட்டு குடுத்துச்சோ அதோட ஒப்பிட்டு பாத்துட்டுதான் காப்பி பண்ணணும். 2014ல ஓபன்எஸ்எஸ்எல்ன்ற இன்டர்நெட் பாதுகாப்பு லைப்ரரியில ஹார்ட்பிளீட்ன்ற ஓட்டை வெளிய வந்ததே இந்த ஒரு செக் இல்லாமத்தான், எதிராளி சொன்ன நீளத்தை நம்பி மெம்காப்பி பண்ணிட்டாங்க.

இவ்ளோ பண்ணியும் சானிடைசர் ஒண்ணும் சொல்லாம டேட்டா மட்டும் தப்பா வந்தா, ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள்ள (பல ஃபீல்டை சேர்த்து வெக்கற கட்டு) ஒரு அரே வழிஞ்சு அடுத்த ஃபீல்டுல கொட்டுதான்னு பாருங்க. அது ஒரே துண்டுக்குள்ள நடக்கறதால சானிடைசருக்கு தெரியாது. ஜிடிபியில (gdb, தப்பு தேடற டிபக்கர்) அந்த ஃபீல்டு மேல வாட்ச் போட்டு ஓட்டுங்க, யாரு எழுதறாங்களோ அந்த வரியை ஒட்டியே நிக்கும்.