இடுக்கில் ஊசி, ஈரலில் மருந்து
வாசகர் கேள்வி – மருத்துவப் பதில்

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு வயது 68. கல்லீரலில் 5 செ.மீ. புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சை தாங்காது, தொடை வழியாகக் குழாய் விட்டு ஈரலுக்கே மருந்து ஏற்றலாம் என்கிறார்கள். கையில் ஏற்றும் கீமோவே போதாதா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: போதாது. காரணம் ஈரலின் பாசன அமைப்பு. அதற்கு இரண்டு வாய்க்கால். முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. ஈரலிலேயே முளைக்கும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கிறது. அந்த மடையில் மருந்தை விட்டு, மடையையும் அடைத்தால் கட்டி காயும்; நல்ல ஈரல் மற்ற வாய்க்காலில் பிழைத்துக்கொள்ளும். இதைத்தான் மருத்துவர்கள் 'டேஸ்' (TACE) என்கிறார்கள்.

அதற்கு முன் சுமார் 6 மணி நேரம் வெறும் வயிறு. பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டாம், மரத்துப்போகும் ஊசி போதும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனியைக் குத்தி, ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமனுள்ள குழாயை எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஈரல் தமனி வரை நகர்த்துவார்கள். அதற்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இன்னொரு குழாய், கட்டிக்குப் போகும் கிளைவரை போகும்.

மருந்து பெரும்பாலும் டாக்ஸோரூபிசின், 50 முதல் 75 மி.கி. அதைக் குழைக்கும் லிப்பியோடால், கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றியது. (ஆமாம், நம் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா.) மருந்து ஒரு சிரிஞ்சில், எண்ணெய் இன்னொன்றில், இரண்டையும் ஒரு திருகுக் குழாயில் மாட்டி, மாற்றி மாற்றித் தள்ளிக் கடைவார்கள். சரியாகக் கடையாவிட்டால் மருந்து பிரிந்து, கட்டியில் தங்காமல் உடம்பெல்லாம் ஓடிவிடும். எண்ணெய் பொதுவாக 10–15 மி.லி.க்கு மேல் போகாது. அளவு மீறினால் நுரையீரலில் போய் அடைக்கும். கடைசியில் ஜெலட்டின் பஞ்சுத் துகளால் அடைப்பு. வேகமாகத் தள்ளினால் கலவை எதிர்த்துத் திரும்பி, பித்தப்பைக்கோ இரைப்பைக்கோ போய்ப் புண்ணாக்கும். அதனால் துளித்துளியாகத்தான் விடுவார்கள்.

முடிந்தபின் தொடையில் குத்தியிருந்தால் 4–6 மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, குமட்டல் சில நாள் இருக்கும். இது கட்டி அழிவதன் எதிர்வினை, பயப்பட வேண்டாம். ஒரு வாரம் தாண்டியும் குளிரோடு காய்ச்சல், அல்லது கூடிக்கொண்டே போகும் மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், பேச்சில் தடுமாற்றம் என்றால் உடனே திரும்பிப் போங்கள். முன்பு பித்தக்குழாயில் ஸ்டென்ட்டோ (உள்ளே வைக்கும் சிறு குழாய்) அறுவையோ நடந்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்குச் சீழ்க்கட்டி பிடிக்கும் ஆபத்து அதிகம்.

இது நோயை வேரோடு பிடுங்கும் சிகிச்சை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். தகுந்த நோயாளிகளுக்கு ஆயுளை நீட்டும் என்பதை பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் 2002இல் காட்டின. தகுதியைத் தீர்மானிப்பது ஈரலில் மிச்சமிருக்கும் பலம். எனவே மருத்துவரிடம் கேளுங்கள்: பிலிரூபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு? வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா? போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா? அந்தப் பெரிய சிரையே அடைபட்டிருந்தால் தமனியையும் அடைப்பது ஈரலையே பட்டினி போடுவதாகும். செய்துகொண்டால் 4–6 வாரத்தில் ஸ்கேன், தேவைப்பட்டால் மறுமுறை.

கேள்வி: பக்கவாதத்துக்கும் இப்படித் தமனியில் மருந்து விட்டு, மூளைக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கலாமே? காரைக்குடியிலிருந்து நேரே மதுரைக்கே போய்விடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: குழாய் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான், வேலை நேர்மாறு. ஈரலில் அடைக்கிறோம், மூளையில் திறக்கிறோம். 1999இல் வெளியான ஆய்வில், 6 மணி நேரத்துக்குள் மூளைத் தமனியிலேயே கரைப்பு மருந்து விட்டபோது நூற்றுக்கு 40 பேர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கும் அளவுக்குத் தேறினார்கள், விடாதவர்களில் 25. ஆனால் மூளையில் ரத்தக்கசிவு நூற்றுக்கு 2 பேரிலிருந்து 10 பேர் ஆனது. 2015க்குப் பின் பெரிய குழாயின் அடைப்பை வலைக்கம்பியால் இழுத்தோ உறிஞ்சியோ எடுப்பதே வழக்கம். தமனியில் விடும் மருந்து இப்போது அதற்குப் பக்கத்துணையாக ஆராயப்படுகிறது.

ஆகவே சி.டி. ஸ்கேனும் கரைப்பு மருந்தும் உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போங்கள். 108இல் ஏறும்போதே அதைக் கேளுங்கள். கசிவு இல்லை என்று ஸ்கேன் சொன்னால், நாலரை மணி நேரத்துக்குள் கை நரம்பில் மருந்து. ஆல்ட்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90, ஒரு மணி நேரம் ஓடும். டெனெக்டிபிளேஸ் கிலோவுக்கு 0.25 மி.கி., உச்சம் 25, ஒரே தள்ளல். தூரம் போக வேண்டியவருக்கு இதுதான் வசதி. பெரிய குழாய் அடைப்பானால் அதன்பின் மதுரையோ திருச்சியோ.

நேரம் எண்ணுவது, கடைசியாக அவர் நல்லபடி இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்து. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் படுக்கப்போன நேரம்தான் கணக்கு. அப்போதும் சிலருக்கு ஸ்கேன் பார்த்துச் சிகிச்சை உண்டு, தாமதிக்காதீர்கள். வாயில் காபி ஊற்றாதீர்கள், புரையேறும். ஸ்கேனுக்கு முன் ஆஸ்பிரின் வேண்டாம். புறா ரத்தம் தேய்க்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ் பாதி வழி போயிருக்கும். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை அதில் இருந்தால் முடிவே மாறலாம்.

கேள்வி: எனக்கு நண்டு, இறால் சேராது. ஆஞ்சியோ சாயத்தில் அயோடின் இருக்கிறதாமே, போடலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: போடலாம். நண்டில் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், அயோடின் அல்ல. முன்பு சாயம் போட்டபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் பலத்தைக் காட்டும் ரத்த அளவு) கூடியிருந்து சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்றால், எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.