செடி வளர்க்கும் மீன் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்ஸைடு: எதை வாங்குவது, எவ்வளவு விடுவது?

60 லிட்டர் மீன் தொட்டி, தரை முழுக்க மான்டி கார்லோ என்ற படரும் செடி, பின்னால் சிவப்பு ரொட்டாலாச் செடி, ஒரு கூட்டம் நியான் டெட்ரா மீன்கள். கார்பன் டை ஆக்ஸைடுக்கு ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு நொதிக்க வைக்கும் பாட்டில் போதுமா, வாயு அடைத்த சிலிண்டரே வாங்கிவிடலாமா, விநாடிக்கு எத்தனை குமிழி விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் கோட்டை விடுவது அந்தக் குமிழிக் கணக்கில்தான்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி மெதுவாக வளரும் செடிகள் மட்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் செடிகளுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், வெளிச்சம் ஏறினால் கார்பனும் ஏற வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மீன்களின் மூச்சும் மட்கும் கழிவும் சேர்ந்தால் சில மில்லிகிராம் வரும். அதுவும் காற்றில் பரவுவதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீருக்குள் பரவுகிறது. விளக்கை மட்டும் கூட்டிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால் செடி திணறும், பாசி முந்திக்கொள்ளும்.

ஈஸ்ட் பாட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கத்தில் பொங்கும், சில வாரங்களில் ஓய்ந்துவிடும். வெயில் நாளில் ஒரு அளவு, குளிர்ந்த நாளில் வேறு அளவு. இரவில் நிறுத்தவும் முடியாது. இப்படி ஏறி இறங்கும் தொட்டியில்தான் இலை ஓரங்களில் கறுப்புத் தாடிப் பாசி வந்து உட்காரும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேர்க்கும் முறை அதைவிடப் பரவாயில்லை, வால்வு வைத்து அளவைக் கட்டுப்படுத்தலாம். ஆனாலும் நீண்ட நாள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சிலிண்டருக்கே போய்விடுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ரெகுலேட்டருக்கும் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தருவது) நீடில் வால்வுக்கும் (வாயுவின் அளவை நுணுக்கமாகத் திருப்பி வைப்பது) ஒதுக்குங்கள். வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கும் டிஃப்யூசர் சுமாராக இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நீடில் வால்வு சுமாராக இருந்தால் இன்று வைத்த அளவு நாளை இருக்காது. முடிந்தால் அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கும் இரட்டை நிலை ரெகுலேட்டராக வாங்குங்கள். சிலிண்டர் காலியாகும் நேரத்தில் உள்ளழுத்தம் விழும்போது, சில ஒற்றை நிலை ரெகுலேட்டர்களில் வெளியே வரும் அழுத்தம் எகிறிவிடும். அப்போது வாயு மொத்தமாகத் தொட்டிக்குள் இறங்கினால் மீன்கள் தாங்காது. அப்புறம் ஒன்று, அழுத்தமானியைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை, 20 டிகிரி வெப்பத்தில் முள் ஏறக்குறைய 57 பார் அழுத்தத்திலேயே நிற்கும். மீதி தெரிய சிலிண்டரை எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி.

சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதபடி கட்டி வையுங்கள், வெயில் படக் கூடாது. படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும். வாஷரை மறக்காமல் போட்டு ரெகுலேட்டரை ஸ்பேனரால் இறுக்குங்கள். நீடில் வால்வை மூடிக்கொண்டு சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் வேலை அழுத்தம் 2 பார் அளவில் இருந்தால் பெரும்பாலான டிஃப்யூசர்களுக்குச் சரியாக இருக்கும். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாக நுரை கிளம்பும் இடத்தில் கசிவு இருக்கிறது. குழாய் பாலியூரித்தேனாக இருக்கட்டும், சிலிக்கோன் குழாயின் சுவர் வழியாகவே வாயு வெளியேறும். ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வு கட்டாயம், இல்லையென்றால் வாயு நின்ற நேரத்தில் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் ஏறும்.

டிஃப்யூசரைத் தரையை ஒட்டி, ஃபில்டர் நீரோட்டம் குமிழிகளை வாரிக்கொண்டு போகும் இடத்தில் வையுங்கள். நேரே மேலே ஏறி உடையும் குமிழியால் செடிக்குப் பெரிய பயனில்லை. மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வை டைமரில் போட்டு, விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வையுங்கள்.

சரி, எத்தனை குமிழி? குமிழிகளை எண்ணிப் பார்க்க உதவும் பபுள் கவுன்டர் ஒன்றில் வரும் குமிழியும் இன்னொன்றில் வரும் குமிழியும் ஒரே அளவில்லை. அதனால் இன்னொருவர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது. விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவாகத் தொடங்கி, பி.எச். (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) பார்த்து ஏற்றுங்கள். தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஒரு நாள் திறந்து வைத்தால் கூடுதல் வாயு போய்விடும். அதன் பி.எச்.ஐ அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் பி.எச். அதைவிட 1 குறைந்தால் கார்பன் டை ஆக்ஸைடு பத்து மடங்காகியிருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம் என்பதே பொதுவான இலக்கு. கார்பன் டை ஆக்ஸைடு அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கரும் வையுங்கள். 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள கரைசல் ஊற்றினால், நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். ஆனால் அது காட்டுவது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலையை.

எந்தக் கருவியையும்விட மீனை நம்புங்கள். ஏற்றும் நாட்களில் வீட்டிலேயே இருங்கள், ஒரு நாளுக்கு ஒரு சிறு திருப்புதான். டெட்ராக்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்தால், பச்சை நிறம் என்ன சொன்னாலும் வாயுவை உடனே நிறுத்துங்கள். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். வழக்கமான நாட்களிலும் நீர்மட்டம் லேசாக அலையடிக்கட்டும். கொஞ்சம் வாயு வீணாகும், ஆனால் ஆக்ஸிஜன் கிடைக்கும்.

அளவு நிலைத்ததும் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் மான்டி கார்லோ இலைகளிலிருந்து முத்து முத்தாக ஆக்ஸிஜன் கிளம்புவதைப் பார்ப்பீர்கள். வளர்ச்சி வேகமானால் உரத் தேவையும் கூடும். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு நான்கையும் வாராவாரம் தண்ணீர் மாற்றியதும் சேருங்கள். புதுத் தளிர் மட்டும் வெளிறினால் இரும்பையும், பழைய இலைகள் மஞ்சளானால் நைட்ரேட்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.