கேள்வி பதில்: ‘நம்பத் தகாதவர்’ முத்திரை

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே செக்கோஸ்லோவாக்கியா தன் குடிமக்களின் விசுவாசத்தைச் சட்டம் போட்டு எடைபோட்டதாமே? மனசில் இருப்பதை எப்படி அளந்தார்கள்?

பதில்: அளக்க முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் ஆள் வேலை செய்யும் இடத்தையும் வசிக்கும் இடத்தையும் பிடித்துக்கொண்டார்கள்.

நிதியமைச்சர் அலோய்ஸ் ராஷின் சுடப்பட்டு இறந்ததும் 1923இல் வந்த குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் வழக்கமான தண்டனைச் சட்டம்தான். சதி, உளவு என்று செய்த செயலை நிரூபிக்க வேண்டும்.

1936 மே 13ஆம் தேதியிட்ட நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் (எண் 131) வேறு ரகம். ‘ஸ்டாட்னே நெஸ்போலெஹ்லிவீ’, அதாவது அரசு நம்பத் தகாதவர் என்ற சொல்லுக்கு அது சட்ட அந்தஸ்து தந்தது. பாதுகாப்புக்கு முக்கியமான ஆலைகளில் அப்படிப்பட்டவர் முதலாளியாகவோ மேலாளராகவோ தொழிலாளியாகவோ இருக்கக் கூடாது. பீரங்கி ஆலையில் கடைசல் பிடிப்பவர் மேல் ஒரு வழக்குகூட இல்லாமல் இருக்கலாம். முத்திரை விழுந்தால் பட்டறையில் இடமில்லை. ஜெயில் கிடையாது, பிழைப்புதான் போகும். எல்லை மண்டலத்திலோ நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் ராணுவத்தின் சம்மதம் தேவைப்பட்டது.

சிக்கல் வரைபடத்தில் இருந்தது. 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் சுமார் 22 விழுக்காட்டினர் ஜெர்மானியர்; பெரும்பாலோர் எல்லையோரத்தில். 1935 தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்கு வாங்கியது அந்த ஜெர்மானியர்களின் தலைவர் ஹென்லைனின் சுடேட்டன் ஜெர்மன் கட்சி (சுடேட்டன் என்பது அந்த எல்லையோரப் பகுதியின் பெயர்). சட்டபூர்வமான கட்சிக்கு ஓட்டுப் போட்டவரைச் சந்தேகிக்கலாமா? 1936 தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி வெடித்துவிட்டது. ராணுவ ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களில் நம்பத் தகாதவர்கள் இருக்கக் கூடாது என்று பாதுகாப்பு அமைச்சர் மாக்னிக் ஓர் ஆணை போட, அந்தக் கட்சி நாடுகளின் சங்கத்துக்கு (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக அமைப்பு) மனு அனுப்பியது. கட்சியின் நோக்கம் சுத்தமானதல்ல. ஆனால் மனுவில் இருந்த கேள்வி நியாயமானது.

கேள்வி: அந்தச் சொல் பிறகு என்ன ஆயிற்று?

பதில்: 1938 செப்டம்பர் 23இல் முழு ராணுவ அணிதிரட்டல், ஒரே வாரத்தில் எல்லையோரத்தை ஹிட்லரின் ஜெர்மனிக்குத் தாரைவார்த்த மியூனிக் ஒப்பந்தம். சட்டம் காத்த எல்லையே கைவிட்டுப் போனது. சொல் மட்டும் பிழைத்து, போர் முடிந்ததும் 1945 மே 19ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவரின் 5ஆம் எண் ஆணையில் திரும்ப வந்தது. இம்முறை நம்பத் தகாதவர் பட்டியலில் முதல் பிரிவே ஜெர்மன், ஹங்கேரிய இனத்தவர். அரசுக்கு எதிராகச் செயல்பட்டவர்கள் அதற்கு அடுத்துத்தான். இந்த இரு பிரிவினரின் சொத்துகளும் தேசிய நிர்வாகத்தின் கீழ், அதாவது அரசு நியமித்த நிர்வாகிகளின் கையில் போயின. யார் எந்த இனம் என்பதற்கு ஆணை சொன்ன அடையாளங்களில் ஒன்று, 1929 முதல் நடந்த ஏதாவதொரு கணக்கெடுப்பில் அவரே எழுதிக் கொடுத்த பதில். 1930இல் நிரப்பிய படிவம் அப்படித்தான் சாட்சியானது.