மக்களவைக்கு நிற்க 25 வயது போதுமா?

(பதில் தருபவர்: தேர்தல் பணி பார்த்து ஓய்வு பெற்ற வட்டாட்சியர்)

எனக்கு 24 வயது. வாக்குப்பதிவுக்கு முன்பே 25 முடிந்துவிடும். பத்தாவதுவரைதான் படிப்பு. ஓட்டு திருப்பூரில் இருக்கிறது. நீலகிரியில் சுயேச்சையாக நிற்கலாமா?
– வாசகர், திருப்பூர்

படிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் தம்பி, எம்.பி. ஆக மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. இடிப்பது வயதுதான். வேட்புமனு பரிசீலனை நாளன்று 25 நிறைந்திருக்க வேண்டும். மறுநாள் பிறந்தநாள் என்றாலும் மனு தள்ளுபடிதான்.

ஓட்டு நாட்டில் எந்த மக்களவைத் தொகுதியில் இருந்தாலும் சரி. உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலை மட்டும் காட்ட வேண்டும். ஆனால் நீலகிரி தனித்தொகுதி. பட்டியல் சாதியினர் மட்டுமே அங்கே நிற்க முடியும். நீங்கள் அந்தப் பிரிவில் இல்லையென்றால் கோவையோ பொள்ளாச்சியோ பாருங்கள்.

பரிசீலனை மேஜையில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: சுயேச்சைகளைக் கவிழ்ப்பது முன்மொழிபவர்கள்தான். அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும், அத்தனை பேரும் நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். டீக்கடையில் நின்றவரிடம் அவசரத்தில் கையெழுத்து வாங்கி வருவார்கள். வாக்காளர் பட்டியலில் அவருடைய பாகம் எண்ணைப் புரட்டினால் அவர் பக்கத்துத் தொகுதிக்காரராக இருப்பார். பத்து ஒன்பதானால் மனு போச்சு. கைநாட்டு வைப்பவரைத் தேர்தல் அலுவலர் முன்னால் அழைத்து வந்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே உருட்டிக்கொண்டு வந்தால் செல்லாது. ஒருவர் ஒரு தொகுதியில் நான்கு மனுக்கள்வரை போடலாம். வேறு பத்துப் பேரைப் பிடித்து இன்னொரு மனுவும் போட்டு வையுங்கள். டெபாசிட் ஒருமுறை கட்டினால் போதும்.

அப்புறம், அரசியல் சாசனத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனுவைக் கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள். பரிசீலனை நாளன்று வந்து “இப்போது எடுக்கிறேன்” என்றால் ஏற்க வழியில்லை. சொத்து, வழக்கு விவரம் கேட்கும் 26-ஆம் படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

டெபாசிட் எவ்வளவு? எப்போது திரும்பக் கிடைக்கும்?
– வாசகி, சேலம்

மக்களவைக்கு 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 12,500. பொதுத்தொகுதியில் நின்றாலும் அதேதான். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பணம் திரும்பும். 12 லட்சம் ஓட்டு பதிவானால் 2 லட்சத்தைத் தாண்ட வேண்டும். ஒருகாலத்தில் இது 500 ரூபாய்தான். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டே புத்தகமாகிவிட்டது. அதே ஆண்டு மக்களவை டெபாசிட் 10,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான்.

மாநிலப் பொதுப்பணித் துறையில் ஒப்பந்த வேலை எடுத்திருக்கிறேன். எம்.பி. தேர்தலில் நிற்கத் தடை உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. மக்களவைக்குத் தடையாவது நடப்பிலுள்ள மத்திய அரசு ஒப்பந்தம்தான். சட்டமன்றத்துக்கு நின்றால் மாநில அரசு ஒப்பந்தம் உதைக்கும். அங்கேயும், வேலை முழுதாக முடிந்து பில் மட்டும் நிலுவை என்றால் தடையில்லை. பணி முடிந்ததற்கான சான்றைப் பரிசீலனைக்குக் கொண்டுபோங்கள். எதிராளி ஆட்சேபம் சொன்னால் அங்கேயே காட்டலாம்.