மே மாத விழா: சமோசாவோடு நிறுத்தாதீர்கள்

வணக்கம். உங்கள் அமெரிக்க அலுவலகத்தில் ஆசியப் பாரம்பரிய மாதம் என்றால் சமோசாவும் சேலையும் போதும் என்கிறார் மேலாளர், வேலை முழுவதும் உங்கள் தலையில் என்று எழுதியிருந்தீர்கள். சமோசா இருக்கட்டும். ஆனால் ஏன் மே மாதம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

1869 மே 10 அன்று அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை முடிந்தது. மே மாதத்தைத் தேர்ந்ததற்கு அந்த நாளும் ஒரு காரணம். அந்தப் பாதைக்காகக் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். கூலியோ வெள்ளையரைவிடக் குறைவு. 1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உணவு வருவதையே நிறுத்திப் பணியவைத்தது ரயில் நிறுவனம். இதைப் பேசினால் சம்பளம், பதவி உயர்வு பற்றிய பேச்சும் தானாக வரும்.

பிலிப்பைன்ஸ், வியட்நாம் நண்பர்களையும் குழுவில் சேருங்கள். முக்கியமாக, ஏற்பாட்டுக்குச் செலவாகும் நேரத்தை அலுவலக வேலையாகவே கணக்கிட வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.