வீட்டு மின்னஞ்சல் சர்வர்: வரவு எளிது, அனுப்புவது கடினம்

கேள்வி: பழைய கணினியில் லினக்ஸ், அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த அஞ்சலைப் பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட் ஆகியவற்றை நிறுவி, சொந்த டொமைன் பெயரில் வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறேன். எனக்கு வரும் அஞ்சல்கள் ஒழுங்காக வருகின்றன. நான் அனுப்புபவற்றில் சில போவதே இல்லை. போனவையும் ஸ்பேம் பெட்டியில் விழுகின்றன. எங்கே தவறு?

பதில்: உங்கள் அமைப்பில் தவறே இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். அஞ்சலைப் பெறுவதற்கு உங்கள் சர்வர் இணையத்தில் தென்பட்டால் போதும். அனுப்பும்போதோ, பெறும் சர்வர் உங்கள் ஐபி முகவரியை நம்பியாக வேண்டும். வீட்டு இணைப்பின் முகவரிக்கு அந்த நம்பிக்கை எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் போஸ்ட்ஃபிக்ஸின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எந்த சர்வருக்கு அனுப்பினாலும் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்றே வந்தால், சர்வர்கள் தங்களுக்குள் அஞ்சலைக் கடத்தும் வழியான போர்ட் 25-ஐ உங்கள் இணையச் சேவை நிறுவனம் வெளிச்செல்லும் திசையில் அடைத்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வைரஸ் தொற்றிய வீட்டுக் கணினிகள் ஸ்பேம் அனுப்புவதைத் தடுக்கப் பல நிறுவனங்கள் இப்படிச் செய்கின்றன. மாறாக, 550 என்று தொடங்கும் மறுப்பு வந்தால், அதே வரியில் காரணமும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதில், ஸ்பேம் தடுப்புப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பேம்ஹாஸ் நிறுவனத்தின் பிபிஎல் பட்டியல் குறிப்பிடப்பட்டிருந்தால் மனம் வருந்த வேண்டாம்: நீங்கள் ஸ்பேம் அனுப்பியதாக அதற்குப் பொருள் இல்லை, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்பு முகவரிகள் அங்கே தொகுப்பாகவே பட்டியலிடப்பட்டுள்ளன.

அடுத்த தடை பிடிஆர் பதிவு. உங்கள் ஐபி முகவரியைக் கொண்டு பெயரைத் தேடினால் சர்வரின் பெயர் கிடைக்க வேண்டும். வீட்டு இணைப்புகளிலோ ஐபி எண்களையே கோத்த ஒரு நீண்ட பெயர்தான் பெரும்பாலும் கிடைக்கும், அதைப் பார்த்ததுமே பெறும் சர்வர் ஐயம் கொள்கிறது. டொமைன் உங்களுடையதாக இருந்தாலும் இந்தப் பதிவை மாற்றும் அதிகாரம் ஐபி முகவரியை வைத்திருக்கும் நிறுவனத்திடமே இருக்கிறது. நிலையான ஐபி வாங்கும்போது இதை மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்வது மிக முக்கியம்.

எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் உங்கள் கையில் உள்ளவை, மூன்றையும் அமைத்துவிடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். ஆனால் இவை நீங்கள் யார் என்பதை நிறுவுமே தவிர, ஐபி முகவரிக்கு நற்பெயரைத் தேடித் தந்துவிடாது.

என் பரிந்துரை இதுதான்: அஞ்சல் பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வெளிச்செல்பவற்றை மட்டும் போர்ட் 587 வழியாக, உங்கள் சார்பில் அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவையிடம் ஒப்படையுங்கள், அச்சேவையை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்க மறவாதீர்கள். வெளிச்செல்லும் அஞ்சல்கள் இன்னொருவர் சர்வரைக் கடந்து போகும் என்பது குறைதான். ஆனாலும் பெட்டியும் பழைய கடிதங்களும் உங்களிடமே இருக்கும்.

கேள்வி: மின்தடையின்போது வரும் அஞ்சல்கள் தொலைந்துவிடுமா?

பதில்: சில மணி நேரத் தடைக்கு அஞ்ச வேண்டாம். அனுப்பும் சர்வர் விட்டு விட்டு முயல வேண்டும் என்பதும், குறைந்தது 4 அல்லது 5 நாட்களுக்குப் பிறகே கைவிட வேண்டும் என்பதும் அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதிமுறை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாட்கள் முயல்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது டொமைன் புதுப்பிப்பைப் பற்றித்தான். அது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், வங்கி முதல் சமூக வலைத்தளம் வரை நீங்கள் அந்த முகவரியில் தொடங்கிய கணக்குகளின் பாஸ்வேர்டு மீட்பு அஞ்சல்கள் அவருக்கே போய்ச் சேரும். ஆகவே டொமைனைச் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். பதிவாளரிடம் கொடுக்கும் தொடர்பு முகவரி அதே டொமைனில் இல்லாமல் வேறொரு மின்னஞ்சலாக இருக்கட்டும்.