எடை இருந்தும் சதையில்லாத நண்டு: காரணம் ஓட்டில் இருக்கிறது

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “துறைமுகத்தில் உயிருள்ள நண்டு ஒரு கிலோ வாங்கினேன். வீட்டில் சுத்தம் செய்தபோது இரண்டு நண்டுகளின் ஓடு விரலுக்கு அமுங்கியது. உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருந்தது. கெட்டுப்போன நண்டா? ஏழாவது படிக்கும் என் மகனோ, மீனுக்கு முள் உள்ளே இருக்க நண்டுக்கு மட்டும் ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்கிறான்.”

கெட்ட நண்டு அன்று. அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. மகனின் கேள்விக்குள்ளேயே உங்களுக்கான விடையும் இருக்கிறது.

மீனின் முள்ளும் நம் எலும்பும் சதைக்கு நடுவே இருந்து, உடலோடு சேர்ந்து வளர்பவை. இது அகச்சட்டகம். நண்டின் ஓடு புறச்சட்டகம். தோல் சுரக்கும் கைட்டினும் புரதமும் சேர்ந்த படலத்தில் கால்சியம் கார்பனேட் படிந்து இறுகியதே அந்த ஓடு. இறுகிய பின் அது விரியாது. உள்ளே உடல் பெருக இடமில்லாதபோது, பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓட்டை உண்டாக்கிக்கொண்டு, பின்பக்கம் பிளந்த பழைய ஓட்டிலிருந்து நண்டு பின்னோக்கி வெளியேறுகிறது. செவுளின் மேலுறையும் இரைப்பையின் உட்படலமும்கூட அதோடு கழன்றுவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால்களோடு முழுதாக ஒதுங்கும் வெற்று ஓடுகளைக் கண்டால், அவை எல்லாமே செத்த நண்டுகள் என்று எண்ண வேண்டாம்.

வெளியே வந்ததும் நண்டு தண்ணீரை உறிஞ்சி உப்பி, புது ஓட்டைப் பெரிதாக்கிக்கொள்கிறது. ஓடு இறுகிய பிறகும், அந்த நீர் இருந்த இடத்தில் சதை நிறையும்வரை நண்டு எடையில் ஏமாற்றும். நீங்கள் விலை கொடுத்தது பெரும்பாலும் அந்தத் தண்ணீருக்குத்தான்.

மகனுக்குக் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. வேகவைத்த கொடுக்கின் அசையும் விரலை மெல்ல விரித்து இழுத்தால், சதைக்குள்ளிருந்து கண்ணாடி போன்ற தட்டையான தகடு ஒன்று வரும். சாப்பிடும்போது பல்லில் தட்டுப்படும் அதை எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓடே உள்நோக்கி மடிந்த பகுதி, கொடுக்கை மூடும் தசை பற்றியிருக்கும் இடம். மீனில் முள்ளைச் சுற்றிச் சதை, நண்டில் சதையைச் சுற்றி ஓடு என்பது அப்போது அவனுக்குக் கண்ணெதிரே விளங்கும்.

ஆனால் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நம் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமையின் ஓடு வெளியே தெரிந்தாலும், அதில் இணைந்திருப்பவை விலா எலும்புகளும் முதுகெலும்பும்தான். ஆமை அதைக் கழற்றவே முடியாது. கணவாயின் உள்ளே இருக்கும் வெள்ளை ஓடு, அதாவது கடல்நுரை, எலும்பே அன்று. சிப்பியின் ஓட்டுக்கு உறவானது.

இனி வாங்கும்போது நண்டைத் திருப்பி, அடிப்பக்கத்தில் கடைசிக் கால்களின் அடியை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம். அடிப்பக்கம் பளிச்சென்று கீறலே இல்லாமல் இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். சற்று மங்கி, தேய்ந்து, கொட்டலசு என்ற சிறு கடலுயிர் ஒட்டிய ஓடு என்றால் பழைய ஓட்டைக் கழற்றிப் பல நாளாகியிருக்கும், சதை நிறைந்திருக்கும். கையில் இருக்கும் அந்த இரண்டையும் எறிய வேண்டியதில்லை. உயிரோடு வாங்கி அன்றே சுத்தம் செய்தவை என்றால், இடித்து நண்டு ரசத்தில் போடலாம்.